இல்லாத பக்கத்துக்கு வந்தவர்கள்

"அந்த இல்லாத பக்கத்த எழுதுறது யாரு தாயி?" என்று ஜெய்தூன் பீவி ஒருமுறை என்னிடம் கேட்டார். ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழாத மாதிரி தாள்களைத் தட்டி அடுக்கினேன். மெஷின் நிற்கும் வரை பொறுமையாக நின்றிருந்துவிட்டு, மறுபடியும் அதையே கேட்டார்.

"தெரியலம்மா" என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யைச் சொல்லும் நிலைக்கு நான் வந்தது செம்பட்டி பஸ்ஸால்.

மரியசெல்வம் அண்ணனின் ஜெராக்ஸ் கடை, திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்ட பிறகு அங்கே டைப் அடிக்கச் சேர்ந்தேன். எழுந்து நின்று வாசி என்றால் எனக்குக் குரல் வராது. டைப் அடிப்பதற்குக் குரல் வேண்டாம். என் மேஜை வாசலைப் பார்த்தபடி இருந்தது. அங்கிருந்து நேராகப் பார்த்தால் செம்பட்டி, வத்தலக்குண்டு பஸ்கள் நிற்கும் இடம் தெரியும். ஆள் இல்லாத நேரத்தில் பார்ப்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, ஏ4 தாள் கட்டுகளுக்கு அடியில் வைத்துவிடுவேன்.

அண்ணனுக்கு ஜெராக்ஸில் பெரிய பிடிப்பு கிடையாது. அவருக்கு உயிர் பஸ் நேரம். எந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது, எந்த டிரைவர் வடை சாப்பிட்டு முடித்த பிறகுதான் வண்டியை எடுப்பார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பக்கத்துக் கடையில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் கண்ணனும் அவரும் சேர்ந்து ஆறு வருடத்துக்கு முன் இணையத்தில் ஒரு வலைப்பூ ஆரம்பித்தார்கள். பெயர் 'கண்ணன் செல்வம் பஸ் டைம்'. ஊருக்கு ஒரு பக்கம், மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். மினி பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். டீக்கடைச் சுவர்களில் எழுதினார்கள். வாட்ஸ்அப் குழுக்களில் அந்த லிங்க் சுற்றாத நாளில்லை.

இருவரும் பிரிந்தது ஐந்து நிமிடத்துக்காக. மாலையில் செம்பட்டிக்குப் போகும் ஒரு தனியார் பஸ் 5.40க்குக் கிளம்புகிறது என்றார் மரியசெல்வம் அண்ணன். 5.45 என்றார் கண்ணன். தீர்த்துக்கொள்ள மூன்று நாள் நேரில் போய் நின்றார்கள். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் பஸ்ஸே வரவில்லை. மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி வந்தார்கள். அன்றோடு பேச்சு நின்றது.

"அந்தாளு பேரு இனிமே என் அட்ரஸ்ல இருக்கக் கூடாது" என்றார் அண்ணன். வலைப்பூவின் பெயரை 'செல்வம் பஸ் டைம்' என்று மாற்றிப் புது விலாசம் வாங்கினார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பழைய பக்கங்களுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டிருந்தார்கள். எண் போடுவது கண்ணனின் யோசனை. அதனால் அதையும் ஒழித்துவிட்டு, எல்லாப் பக்கத்துக்கும் ஊர்ப் பெயரை வைத்தார். இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில், பூசைக்குப் போய் வந்த கையோடு செய்து முடித்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஏனுங்க, கொடைரோடு பஸ்ஸப் பாக்கலாம்னு அமுக்குனா நானூத்தி நாலுனு வருதுங்களே, அது எந்த ரூட்டு பஸ்ஸுங்க?" என்று கேட்டார் ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர்.

பக்கம் காணவில்லை என்பதற்கு இணையத்தில் சொல்லும் எண் அது. அண்ணன் போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "நானூத்தி நாலுனு நம்மூர்ல ரூட்டே இல்லையே?"

அன்று மட்டும் நான்கு பேர் அந்த பஸ்ஸை விசாரித்தார்கள். ஒருவர் அது கொடைக்கானல் வரைக்கும் போகுமா என்றுகூடக் கேட்டார்.

பழைய லிங்கைத் தொடுகிறவர்களைப் புது இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும் என்று அண்ணனிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினேன். கடையைக் காலி செய்தவர்கள் பழைய ஷட்டரில் 'எதிர்ப்புறம் மாறிவிட்டோம்' என்று ஒட்டிவிட்டுப் போவார்களே, அந்த மாதிரி.

"அந்த போர்ட ஒட்டுறதுக்குப் பழைய ஷட்டர் நம்மகிட்ட இருக்கணும்ல?" என்று அவராகவே கேட்டார்.

பழைய விலாசத்தை இன்னும் விட்டுவிடவில்லை என்பதைக் காட்டினேன். கண்ணனின் பெயர் அதில் இருப்பது அவருக்கு உறுத்தியது. "சரி, போர்டு ஒட்ட மட்டும் அது இருக்கட்டும்" என்றார்.

சுலபமாக முடித்துவிடலாமென்று முதலில் எல்லா லிங்கையும் ஒரே தட்டில் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டேன். முகப்பில் அண்ணனின் படம் இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு, பின்னால் ஒரு பஸ்.

மத்தியானம் ஒருவர் கடைக்கே வந்துவிட்டார். "தாடிக்கொம்பு பஸ்ஸக் கேட்டா உங்க மூஞ்சி வருது. வேடசந்தூர் பஸ்ஸக் கேட்டாலும் உங்க மூஞ்சிதான் வருது. உங்க மேல ஏறியா போறது?"

ஆகவே அதை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டியதாயிற்று. திரையில் இரண்டு கட்டம். ஒன்றில் பழைய விலாசம், இன்னொன்றில் புது விலாசம், கீழே ஒரு பொத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. அண்ணன் ஒரு நீள நோட்டில் கோடு போட்டு ஊர், நேரம், நிலை என்று மூன்று பத்தி பிரித்தார். நான் ஒரு லிங்கைச் சரிசெய்து அவர் போனில் காட்டினால், அவர் சோதித்துப் பார்த்துவிட்டு நிலைப் பத்தியில் 'ஓடும்' என்று எழுதுவார்.

ஒருநாள் நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் எனக்கு உதவியாக அவரே ஒன்றைச் செய்தார். கொடைரோடு பக்கத்தை நான் பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பியிருந்தேன். அவர் கட்டங்களை மாற்றிப் போட்டு, புதியதிலிருந்து பழையதற்குத் திருப்பிவிட்டார். கல்யாண வீட்டில் இரண்டு சம்பந்திகள் 'நீங்க முதல்ல உக்காருங்க', 'இல்லல்ல நீங்க' என்று சொல்லிக்கொண்டு நிற்பார்களே, அது போல இரண்டு பக்கமும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நின்றன. போனில் வட்டம் சுற்றியது, சுற்றியது, பிறகு கைவிட்டது. இரண்டு திருப்பலையும் எடுத்துவிட்டேன்; கொடைரோடு மறுபடி நானூற்று நாலுக்கே போனது. அதற்குப் பிறகு அவர் பொத்தான் பக்கம் வரவில்லை.

ஆனால் போகும்போது ஒன்று சொன்னார். "எல்லாம் சரியாகிற வரைக்கும் வாரவன் அந்த நானூத்தி நாலப் பாத்துட்டு ஓடிறக் கூடாது ஐரின். அங்கன தமிழ்ல ஏதாச்சும் எழுதிப் போடு."

"என்ன எழுதண்ணே?"

"ஏதாச்சும். நாலு வரி."

அவ்வளவுதான் அவர் சொன்னது. மன்னிக்கவும், பக்கம் மாற்றப்பட்டுள்ளது என்று எழுதியிருக்கலாம். அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வரிக்கு வந்தபோது எதிரே ஒருவர் வத்தலக்குண்டு பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்துக்கொண்டிருந்தார். எழுதியது இப்படி முடிந்தது:

'நீங்கள் தேடி வந்த பக்கம் இங்கே இல்லை. வந்தது வந்தீர்கள், செத்த நேரம் உட்காருங்கள். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஒருவர் சீட்டுக்குத் துண்டு போட்டுவிட்டு வாழைப்பழம் வாங்கப் போனார். திரும்பி வந்தால் பஸ் இல்லை. அவருடைய துண்டு மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்து வத்தலக்குண்டு போய்க்கொண்டிருக்கிறது.'

மறுநாள் அதை அழித்துவிட்டு வேறு எழுதினேன். கண்டக்டரிடம் தன் கோழிக்கு டிக்கெட் கேட்டு வாங்கிய பெண்ணைப் பற்றி. அதற்கு மறுநாள், பழனி பஸ் என்று நினைத்துக் கழுவுவதற்கு நிறுத்தியிருந்த பஸ்ஸில் ஏறி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த குடும்பத்தைப் பற்றி. யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியம். அண்ணன் எப்போதும் புது விலாசத்தில்தான் போவார். அவருடைய போனில் அந்தப் பக்கம் வர வழியே இல்லை.

பத்து நாள் கழித்து டீ குடித்துக்கொண்டே எண்ணிக்கைப் பலகையைப் பார்த்தவருக்குப் புரையேறிவிட்டது. எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் பலகை அது.

"ஐரின், அதிகமா ஆளு வந்தது எதுக்குன்னு பாரு. இல்லாத பக்கத்துக்கு. இருக்கிற பக்கத்துக்கு வராத சனம் இல்லாத பக்கத்துக்கு ஏன் வருது?"

நான் கீபோர்டைத் துடைத்தேன்.

"லிங்க் இன்னும் அம்புட்டு உடைஞ்சு கெடக்குன்னு அர்த்தம். வெரசா பாரு."

வெரசாகத்தான் பார்த்தேன். ஆனால் வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றினேன். யாருமே போகாத ஊர்களின் லிங்குகளை முதலில் சரிசெய்தேன். வாரத்துக்கு ஒரு மினி பஸ் போகும் ஊர்களெல்லாம் 'ஓடும்' ஆயின. தாடிக்கொம்பு, நத்தம் போன்ற கூட்டமான லிங்குகளைக் கடைசிக்குத் தள்ளினேன். ஒரு லிங்க் சரியானால் எனக்கு நூறு பேர் போய்விடுவார்கள். செய்வது தப்பு என்று தெரியும். பஸ் நேரம் தேடி வருகிறவனிடம் கோழிக்கதை சொல்வது என்ன நியாயம்? அதனால் பாவத்துக்குப் பரிகாரமாக, கதைக்குக் கீழே பெரிய எழுத்தில் கடையின் போன் நம்பரைப் போட்டேன். போன் செய்த ஒருவர் பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு, "துண்டு என்ன ஆச்சுங்க, கெடச்சுச்சா?" என்றும் கேட்டாராம். அண்ணன் ராங் நம்பர் என்று வைத்துவிட்டார். மூன்று வாரத்தில் தாடிக்கொம்பும் நத்தமும்கூடச் சரியாகி என் கையைவிட்டுப் போயின.

ஜெய்தூன் பீவி பேகம்பூரிலிருந்து வருபவர். மகளைக் கொடைரோட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார். கொடைரோடு லிங்கை நான் மறுபடி திருப்பிச் சரிசெய்த மறுநாள் கடை வாசலில் வந்து நின்றார்.

"தாயி, நேத்து அமுக்குனா பஸ் டைம் வருது" என்றார், ஏமாந்துபோன குரலில்.

"சரி பண்ணிட்டோம்மா."

"பஸ் டைம வச்சு நான் என்ன செய்ய? பஸ்ஸு வந்தா ஏறப் போறேன். அந்த இல்லாத பக்கத்துல தெனம் ஒண்ணு எழுதியிருந்துச்சே, அத எங்கன போயிப் படிக்க?"

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். தெரியலம்மா என்று சொன்ன பிறகும் நகரவில்லை. "எழுதுறது யாருனு வேணா தெரியாமப் போகட்டும். எந்த ஊரு லிங்க் இன்னும் கெட்டுக் கெடக்குனு தெரியும்ல?"

அது தெரியும். சரியாகாமல் மீதி இருந்தது ஒன்றே ஒன்று. செம்பட்டி.

செம்பட்டியை நான் தள்ளிப் போடவில்லை. அண்ணனே தள்ளிப் போட்டிருந்தார். புதுப் பக்கத்தில் 5.40 என்று போட்டால் கண்ணன் சிரிப்பார். 5.45 என்று போட்டால் ஊரே சிரிக்கும். எனவே அந்தப் பக்கத்தையே அவர் வெளியிடவில்லை. நீள நோட்டில் செம்பட்டிக்கு நேரே நேரப் பத்தி காலியாக இருந்தது.

பழைய செம்பட்டி லிங்கை ஒரு துண்டுத்தாளில் எழுதி, ஜெராக்ஸ் தாளுக்கு நடுவில் வைத்து ஜெய்தூன் பீவியிடம் கொடுத்தேன். அவர் அதை மகளுக்கு அனுப்பினார். மகள் யாருக்கெல்லாம் அனுப்பினாளோ, ஒரே வாரத்தில் செம்பட்டி லிங்கைத் தினமும் தொள்ளாயிரம் பேர் தொட்டார்கள்.

அண்ணன் பலகையைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "செம்பட்டிக்கு இம்புட்டு சனமா? இருக்கிற பஸ்ஸு எங்க பத்தும்? அந்த சனம் என்ன பாடு படும்?"

அன்று சாயங்காலமே மனு தயாராகிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். 'தினந்தோறும் தொள்ளாயிரம் பொதுமக்கள் செம்பட்டி செல்லப் பேருந்து நேரம் தேடித் தவித்து வருகின்ற நிலையில், கூடுதல் பேருந்துகள் இயக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

"தவித்து வருகின்றங்கிறத தடிமனா போடு" என்றார். "நாளைக்கு நானே நேர்ல போயி ஆபீசர் கையில குடுக்கப் போறேன். ஆதாரம் கேப்பாங்க. எண்ணிக்கைப் பலகையையும் பிரிண்ட் எடு."

தொள்ளாயிரம் பேரில் செம்பட்டி போகிறவர்கள் ஒன்பது பேர் இருந்தால் அதிகம். அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது கொட்டாவி மாதிரி ஒரு சத்தம். "தூக்கம் வருதா? வீட்டுக்குப் போ" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை, அவர் வருவதற்கு முன், அந்தப் பக்கத்தில் இதை எழுதினேன்:

'நீங்கள் தேடிய பக்கம் இல்லை. உட்காருங்கள். செம்பட்டி பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டு நண்பர்களுக்குள் சண்டை. ஆளுக்கொரு வாட்சோடு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார்கள். ஒருவர் காலருக்குள் வைத்த கைக்குட்டை பின்னால் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொருவர் முதுகில் பெஞ்சுத் தூசி. முதலில் யார் வாட்ச் சரி என்று தீர்ப்போம் என்று இரண்டு கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் குனிந்தார்கள். நிமிர்ந்தபோது பஸ் இல்லை. உன்னாலதான் என்று இருவரும் சொன்னார்கள். அதைச் சொன்னதில் மட்டும் ஒரு விநாடிகூட முன்பின் இல்லை. பஸ் போன நேரம் எனக்குத் தெரியும். என்னை யாரும் கேட்கவில்லை. இன்னொன்று: செம்பட்டி போகிற கூட்டம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வாசிக்க வந்த கூட்டம் இது.'

கடைசி இரண்டு வரி அண்ணனுக்காக. யாராவது படித்துவிட்டு அவரிடம் சொல்வார்கள் என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கு அண்ணன் மனுவோடு கிளம்பும்போது கண்ணன் போனைப் பிடித்தபடி கடைக்குள் வந்தார். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. அண்ணனுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, ஓனர் இருக்காரா?"

அண்ணனும் என்னைப் பார்த்தே சொன்னார். "என்ன வேணுமாம்னு கேளு."

"என்ன வேணும்ண்ணே?" என்றேன்.

"இத அவருதான் எழுதுனாரானு கேளு."

போனை வாங்கி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்தார். கால்வாசியில் முகம் சிவந்தது. பாதியில் உதடு துடித்தது. 'உன்னாலதான்' வந்த இடத்தில் மூக்கு வழியாகச் சிரிப்பு ஒன்று தப்பி வந்தது. இருமலாக மாற்றிக்கொண்டார். அதற்கு மேல் படிக்கவில்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்காருனு சொல்லு" என்றார் கண்ணன். "தன் மேலயும் தப்புனு ஒத்துக்கிட்டு எழுதியிருக்காரு. எம்புட்டோ வருஷப் பழக்கம், எனக்கு அதுவே போதும்னு சொல்லு."

அண்ணன் மனுவைச் சுருட்டினார், விரித்தார், மறுபடி சுருட்டினார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது, அடுத்த வாக்கியம் வரும் வரைக்கும்.

"ஆமா. நாந்தான் எழுதுனேன்னு சொல்லு."

சொல்ல வேண்டியவள் நான்தானே.

"அவர்தான் எழுதுனாராம்" என்றேன். பள்ளிக்கூடத்தில் வராத குரல் இதற்கு மட்டும் தெளிவாக வந்தது.

கண்ணன் தலையாட்டினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். போனை மறுபடி எடுத்து, கடிகாரத்துக்குள் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார்.

"ஒரு சந்தேகம். காலர்ல கைக்குட்டை பின்னால பாதி தொங்குச்சுனு எழுதியிருக்கு. அது அவரு காலரு. அவரு முதுக அவரே எப்படிப் பாத்தாருனு கேளு."

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவுமில்லை. அண்ணன் எதிரே பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு கோடு இழுத்த மாதிரி வாசலைப் பார்த்தார், என் மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கண்ணனின் பார்வையும் அதே வழியாக வந்து அதே இடத்தில் நின்றது.

மனுவின் ஓரத்தைக் கிழிக்கிற மாதிரி அண்ணன் நகத்தால் சுரண்டினார். வேலை போய்விட்டது என்று நினைத்தேன். நோட்டை எடுத்துக்கொள்ளலாமா, அது தாள் கட்டுக்கு அடியில் இருக்கிறதே, எடுத்தால் பார்த்துவிடுவார்களே என்றெல்லாம் ஓடியது.

"பஸ்ஸு எத்தன மணிக்குப் போச்சு?" என்றார் அண்ணன்.

சொன்னால் செம்பட்டிப் பக்கம் முழுமையாகிவிடும். கடைசி லிங்கும் சரியாகிவிடும். பிறகு இல்லாத பக்கத்துக்கு யாரும் வர மாட்டார்கள். ஆனால் மூன்று மாதத்தில் இதை என்னிடம் கேட்டது இதுதான் முதல் தடவை.

"அஞ்சு முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா?" என்று இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டுக்கொண்டார்கள்.

"எந்த வாட்சுல பாத்த?" என்றார் கண்ணன், தொழில்காரரின் சந்தேகத்தோடு.

"ஜெராக்ஸ் மெஷின்ல. அதுக்கு டைம் வச்சுக் குடுத்தது நீங்கதாண்ணே."

மெஷின் ஒருவருடையது, நேரம் இன்னொருவருடையது. இரண்டு பேரும் மெஷினில் நேரத்தைப் பார்த்தார்கள், பிறகு அவரவர் வாட்சைப் பார்த்தார்கள்.

அண்ணன் கண்ணனின் போனை வாங்கி, விட்ட இடத்திலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டு, நீள நோட்டை எடுத்தார். செம்பட்டிக்கு நேரே 5.38 என்று எழுதினார். தன் போனில் செம்பட்டிப் பக்கத்தை வெளியிட்டு, போனை என் பக்கம் தள்ளிக் காட்டினார். "போடு" என்றார். இரண்டு கட்டத்தையும் நிரப்பிப் பொத்தானை அழுத்தினேன். அவர் பழைய லிங்கைத் தொட்டுப் பார்த்தார். பஸ் நேரம் வந்தது. 'ஓடும்' என்று எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது. அந்த ஒரு தட்டில் எனக்குத் தொள்ளாயிரம் பேர் இறங்கிப் போனார்கள்.

நோட்டை மூடுவார் என்று பார்த்தேன். மூடவில்லை. அடிக்கோலை வைத்து இன்னொரு கோடு கிழித்தார். 213. ஊர் என்ற பத்தியில் 'இல்லாத பக்கம்' என்று எழுதினார். நேரப் பத்தியில் பேனா கொஞ்சம் நின்றது. அந்தப் பத்தியைக் காலியாக விட அவரால் இன்னொரு முறை முடியாது. 'காலை 8.00' என்று எழுதினார். நிலை: 'ஓடும்.'

கண்ணன் ஸ்டூலிலிருந்து எட்டிப் பார்த்தார். "எட்டு சரிப்படாது மாப்ள. எட்டுக்கு சனம் பஸ்ஸுல ஏறிக்கிட்டிருக்கும். ஏறி உக்காந்து டிக்கெட் எடுத்த பெறகுதான் போனப் பாக்கும். எட்டு அஞ்சுனு போடு."

அண்ணன் பேனாவைப் பையில் சொருகினார். மனுவை நான்காக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய், காலருக்கு வெளியே தொங்கிய கைக்குட்டையை முழுதாக உள்ளே தள்ளிக்கொண்டு, "நேர்ல நின்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்று வெளியேறிப் பஸ் நிற்கும் பக்கமாகச் சாலையைக் கடந்து போனார்.